வாசிகசாலைப் பெடியளுக்குப் பட்ட கடன்

கொரோனாப் பெருந்தொற்றுப் பற்றிய கணக்குகள் எல்லாம் ஏறத்தாழ எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. இறந்தோர் தொகை, தடுப்பூசி ஏற்றப்பட்டோர் தொகை, மூடப்பட்ட தொழிற்சாலைகள், முடங்கிப்போன சுற்றுலாத்துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை இருக்கிறது. பாடசாலை மணி ஓய்ந்திருந்த அந்த இரண்டு வருடங்களில் யாழ்ப்பாணத் தீவகத்துப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யார் என்ற கணக்கை மாத்திரம் எவரும் எழுதவில்லை. என்னைக் கேட்டால், வேலைவெட்டி இல்லாமல் மதகடியிலே குந்தியிருக்கிறார்கள் என்று ஊர் ஏசிக்கொண்டிருந்த பெடியன்களும், அவர்களோடு சேர்ந்து நின்ற சில இளம் பெண்களும்தான் என்று சொல்வேன். அவர்களுக்குப் பட்ட கடன் இன்னும் அடைபடவில்லை. அதைப் பற்றியதே இப்பத்தி.

நடந்ததை முதலில் ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்வோம். மறதி நமக்கு இலகுவாக வருகிறது.

2020 மார்ச் நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 ஆம் திகதி மாலை ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாணம் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்பட்டதால் இங்கே ஏறத்தாழ ஒரு மாதம் கதவு திறக்கவில்லை. ஜூலையில் பாடசாலைகள் கட்டங்கட்டமாக ஆரம்பித்தன. ஒக்ரோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெடித்ததும் மீண்டும் மூடப்பட்டன. அந்தக் கொத்தணியின் அலை தீவகத்தையும் தொட்டது, புங்குடுதீவு முடக்கப்பட்டது. டிசம்பர் ஆரம்பத்தில் புரேவிப் புயல் வந்து தன் பங்குக்குச் சில நாட்களைக் கொண்டுபோனது. 2021 ஏப்ரல் கடைசியில் மூன்றாவது அலையோடு மறுபடியும் பூட்டு. மே, ஜூன் மாதங்களில் பயணக் கட்டுப்பாடு. ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். ஓகஸ்ட் 20 இலிருந்து ஒக்ரோபர் 1 வரை மீண்டும் முடக்கம். 200 பிள்ளைகளுக்குக் குறைவான பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளுக்கு 2021 ஒக்ரோபர் 21 ஆம் திகதிதான் கதவு திறந்தது.

2020 ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போன ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அகரம் எழுதிப் பழகுவதற்குள் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில்தான் அது ஓரளவு ஒழுங்காக வகுப்பறையில் அமர்ந்தது. அந்தப் பிள்ளைதான் 2024 செப்ரெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்ந்தது. பெறுபேறு வந்தபோது நாம் வெட்டுப்புள்ளியை மாத்திரம் பார்த்தோம்.

இடைப்பட்ட காலத்தில் அரசு சும்மா இருந்தது என்று சொல்லமுடியாது. தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாகின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. ஆசிரியர்கள் பலர் சொந்தச் செலவில் ரீலோட் செய்து வட்ஸ்அப்பிலும் சூமிலும் படிப்பித்தார்கள். ஆனால் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் ஒரு வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த வீட்டில் மின்சாரம் அறாது. ஒரு கைத்தொலைபேசியாவது பகல் முழுவதும் பிள்ளையின் கையில் இருக்கும். பக்கத்தில் படித்த தாயோ தகப்பனோ இருப்பார். 2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி இலங்கை வீடுகளில் ஏறத்தாழ 22 வீதமானவற்றில்தான் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்தது. இது கொழும்பையும் சேர்த்த சராசரி. நெடுந்தீவில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தீவகம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஊர்காவற்றுறையும் வேலணையும் பண்ணைப் பாலத்தால் பட்டினத்தோடு இணைந்தவை. புங்குடுதீவுக்கும் வீதி உண்டு. குறிகட்டுவானில் வீதி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். அனலைதீவு, எழுவைதீவு மக்கள் ஊர்காவற்றுறைத் துறையில் காத்து நிற்க வேண்டும். ஏறத்தாழ 4000 பேர் வாழும் நெடுந்தீவுக்குக் கடல் நல்லாயிருந்தாலும் ஒரு மணிநேரப் பயணம். ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் காலைப் படகில் வந்து பிற்பகற் படகில் திரும்புகிறவர்கள். ஆகவே ஊரடங்கு என்பது பட்டினத்துப் பிள்ளைக்கு ஆசிரியரை இரண்டு வீதி தள்ளி வைத்தது. தீவுப் பிள்ளைக்கு ஆசிரியரைக் கடலுக்கு அப்பால் வைத்தது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகள். பெருந்தொற்றுக் காலத்தில் இந்த மூன்று பெயர்களும் உலகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் தயாரிக்கும் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்க அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. வருடக் கடைசியில் சீனத் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. இரண்டு வல்லரசுகள் எங்கள் தீவுகளின் விளக்கை யார் ஏற்றுவது என்று இழுபறிப்பட்ட அதே மாதங்களில், அந்த விளக்கின் கீழே இருந்து படிக்கவேண்டிய பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி செய்தியும் வரவில்லை. செய்தித் தொழிலில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் யார்? அனுமதிப்பத்திரத்தோடு போய்க் கண்டதையும், போக முடியாதபோது தொலைபேசியில் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். எல்லா ஊர்களிலும் நடந்ததென்று சொல்லமாட்டேன். நடந்த ஊர்களில் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நடந்தது.

ஊரடங்கின் முதல் வாரங்களில் விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் உலர் உணவுப் பொதிகளைச் சுமந்து வீடு வீடாகப் போனார்கள். கிராம அலுவலரிடம் பட்டியல் இருந்தது. எந்த ஒழுங்கைக்குள் எந்த வீட்டில் யாருமில்லாத கிழவி இருக்கிறாள் என்ற விபரம் பெடியன்களிடம்தான் இருந்தது. அப்படிப் போன இடத்தில் படலைக்குள் நின்ற பிள்ளைகளைக் கண்டார்கள். படிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை, சிநேகிதரைக் காணவும் இல்லை. அங்கிருந்து வேலை தானாக விரிந்தது. ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சித்தாளை, ஊரில் நிழற்பிரதி எடுக்கக்கூடிய ஒரே கடையில் அச்சிட்டுப் படலையில் கொழுவிவிட்டு வருவது. கிழமைக் கடைசியில் விடைத்தாளைச் சேகரித்துப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவது. வாசிகசாலைப் புத்தகங்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய் மாற்றிக் கொடுப்பது. திரும்பி வந்த புத்தகத்தைச் சில நாட்கள் ஒதுக்கி வைத்து, பின்பு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது. எழுதிப் பார்த்தால் பெரிய காரியமாகத் தெரியாது. தொடர்ந்து மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் செய்தவனைக் கேட்டுப் பாருங்கள்.

படிப்போடு அது நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 5 வயதுக்கும் 17 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. மைதானம் பூட்டியிருக்கும்போது அதற்கு என்ன வழி? சமூக ஊடகத்தில் உடற்பயிற்சிக் காணொளி பார்க்கச் சொன்னார்கள் நிபுணர்கள். தீவகத்துப் பெடியன்கள் பழைய விளையாட்டுகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வளவுக்குள் விளையாடக் கூடியவை நம்மிடம் எத்தனை இருக்கின்றன! கயிறடித்தல், எட்டுக்கோடு, கிட்டிப்புள், கொக்கான் வெட்டுதல், நாயும் புலியும். இந்தக் கிழமை யார் எத்தனை தரம் கயிறடித்தீர்கள் என்று படலையில் நின்று கேட்டு ஒரு கொப்பியில் பதிந்துகொண்டு போனால், அடுத்த ஒழுங்கைப் பிள்ளையை வெல்வதற்காக இந்த ஒழுங்கைப் பிள்ளை விடிய எழும்பித் துள்ளும். சதுரங்கம் தெரிந்த பிள்ளைகள் காய் நகர்வைத் தாளில் எழுதி அனுப்பி விளையாடினார்கள். தபாற்காரன் வேலையைப் பெடியன்களே பார்த்தார்கள்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் ஒரே படலைக்குப் போகிறவனுக்கு, எந்தப் பிள்ளை படலைக்கு வருவதை நிறுத்திவிட்டது என்று தெரியும். எந்த வீட்டில் இப்போது சத்தம் அதிகம், எந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, எந்தப் பொடியன் புத்தகத்தைக் கைவிட்டுக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்பதெல்லாம் தெரியும். குடும்பநல உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கும் படகு கிடைக்காத நாட்களில் ஒரு தீவின் கண்ணாகவும் காதாகவும் இருந்தவர்கள் இவர்கள். பாடத்தை எந்தத் திரையும் காட்டும். பிள்ளை வாடியிருப்பதை அறிய ஓர் ஆள் நேரே போகத்தான் வேண்டும்.

இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையமும் அதனோடு ஒட்டிய வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் பல தலைமுறைப் பழக்கம். பத்திரிகை படிக்க வரும் பெரியவர்கள் முன் வாங்கில். கரம் விளையாடும் இளவட்டங்கள் பின் அறையில். மாலையில் சிறுவர்களுக்கு இலவச வகுப்பு. வெளியே கரப்பந்தாட்ட வலை. போர்க்காலத்தில் இந்த அமைப்புகள்தான் ஊரைத் தாங்கின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகமே இடம்பெயர்ந்து போனது. மின்சாரமில்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைத் தாள் வராதபடியால் கோடிட்ட கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின்னர் மரங்களின் கீழே வகுப்பு நடந்தது. அந்த மரத்தடிகளில் படித்தவர்களின் பிள்ளைகள்தான் 2020 இல் பயிற்சித்தாள் சுமந்தார்கள்.

வெளியுலகத்திலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1937 செப்ரெம்பரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது சிக்காகோ நகரின் பாடசாலைகள் மூடப்பட்டன. வானொலி நிலையங்கள் பாடங்களை ஒலிபரப்பின. நாளிதழ்கள் அன்றன்றைய பாட விபரத்தை அச்சிட்டு உதவின. வானொலி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்ற குறை அன்றே எழுந்தது. 83 வருடங்களுக்குப் பின்னர் அதே குறை கேரளத்தில் எழுந்தபோது, 2020 ஜூனில் தொலைக்காட்சிப் பாடம் ஆரம்பித்த கையோடு ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுத் தொலைக்காட்சிகளை வைத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார்த்தினார்கள். இளைஞர் அமைப்புகள் தொலைக்காட்சிகளைச் சேகரித்துக் கொடுத்தன. தமிழ்நாட்டில் 2021 ஒக்ரோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆரம்பமானது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் சிறிய ஊக்கத்தொகையும் கொடுத்து மாலையில் ஒன்று, ஒன்றரை மணிநேரம் பிள்ளைகளோடு இருக்கச் செய்தார்கள். அங்கே உள்ளூர் இளைஞரின் உழைப்பை அரசு கண்டு, அதற்கு ஒரு பெயரும் ஒரு ஒழுங்கும் கொடுத்தது. இங்கே நிவாரணப் பொதியோடு படம் எடுக்க மாத்திரம் வந்தார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். ஆசிரியர் செய்யவேண்டியதைத் தொண்டர் செய்தால் அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும் என்பார்கள். நியாயமான பயம். ஆகவேதான் சொல்கிறேன், இந்த இளைஞர்கள் ஆசிரியருக்குப் பதிலானவர்கள் அல்லர். ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஓடிய படகு. தீவகத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வீடு வீடாகத் திரிந்தால் தொற்றுப் பரவாதா என்பது இரண்டாவது கேள்வி. பரவும், கட்டுப்பாடு இல்லாவிட்டால். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி முகக்கவசத்தோடு படலைக்கு வெளியே நின்றவர்களையும், கட்டுப்பாட்டை மீறிப் பிறந்தநாள் விழா நடத்தியவர்களையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் பாரமானது. சிறுவர்களோடு பழகும் எந்த அமைப்பிலும் பாதுகாப்பு ஒழுங்கு கட்டாயம் வேண்டும். ‘எங்கள் ஊர்ப் பெடியன்தானே’ என்பது உத்தரவாதம் ஆகாது. நான்காவதாக, நம்முடைய கழகங்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் கூடாரங்கள். சில ஊர்களில் அவை ஒரு குறிச்சியின், ஒரு சாதியின் கழகமாகச் சுருங்கியும் கிடக்கின்றன. பக்கத்துக் குறிச்சிப் பிள்ளையின் படலைக்குப் போகாத தொண்டு, தொண்டு அல்ல. இந்தக் குறைகளை மூடிவைத்து அவர்களைப் புகழ எனக்கு விருப்பமில்லை. பெண்பிள்ளைகள் முன்னின்ற இடங்களில் தாய்மார் கதவைத் திறந்தார்கள், சிறுமிகள் வெளியே வந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டேன். அதுவே பாடம்.

பின்னர் என்ன நடந்தது? ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி என்று நம்மவர் சும்மா சொல்லிவைக்கவில்லை. பாடசாலை திறந்ததும் பெடியன்கள் மறுபடியும் மதகடிப் பெடியன்கள் ஆனார்கள். 2022 இல் பொருளாதாரம் சரிந்தது. டீசலும் பெற்றோலும் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் முடங்கின. படகுகள் எரிபொருளுக்குத் தவித்தன. பயிற்சித்தாள் சுமந்த கைகளில் பல கடவுச்சீட்டு வரிசையில் நின்றன. சனசமூக நிலையங்களைப் பதிந்து மேற்பார்வை செய்யவேண்டிய பிரதேச சபைகளோ 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இருந்தன. இன்று தீவகத்தில் சுற்றிப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வாசிகசாலைகளையும், அவற்றுக்கு எதிரே வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய அலங்கார வளைவுகளையும் சேர்த்தே காண்பீர்கள். கோபுரத்துக்கும் வளைவுக்கும் கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வளைவின் செலவில் ஒரு வாசிகசாலையைப் பல வருடங்கள் நடத்தலாம் என்பதை மாத்திரம் மனங்கொள்ளச் சொல்கிறேன்.

செய்யக்கூடியவை எவை? கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச சபைகளும் தங்கள் பாதீட்டில் சனசமூக நிலையங்களின் சிறுவர் பணிக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும். நிழற்பிரதிக்கும், புத்தகத்துக்கும், பந்துக்கும் காணும். நிர்வாக சபையில் பெண்களும் எல்லாக் குறிச்சியினரும் இருந்தால் மாத்திரமே அது கிடைக்கும் என்ற நிபந்தனையும் இருக்கட்டும். தீவக வலயக் கல்வி அலுவலகம் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தொடர்பாசிரியரைப் பெயர் குறித்து வைக்கட்டும். மாரியில் கடல் கொந்தளிக்கும் முன்னரே அச்சிட்ட பயிற்சித்தாள்கள் தீவுக்குள் வந்து சேரட்டும். பிள்ளைகளோடு பணிபுரிவோரின் பெயர்கள் கிராம அலுவலரிடம் பதியப்படட்டும். தனியொருவர் தனியொரு பிள்ளையோடு இருக்கக்கூடாது, இருவராகவே போகவேண்டும், திறந்த இடத்திலேயே நிற்கவேண்டும் என்ற விதி எழுத்தில் இருக்கட்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடம் செய்யட்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள், இரண்டு இளைஞருக்கும் இரண்டு யுவதிகளுக்கும் ஒரு சிறு மாதப்படியைப் பொறுப்பேற்கட்டும். ஊரில் இருந்தாலும் மதிப்பு உண்டு என்று காண்கிறவன்தான் ஊரில் நிற்பான்.

கொரோனா போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று ஒருவர் கேட்கக்கூடும். தீவகத்துக்குப் பாடசாலை மூடப்படுவது நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் விபத்து அல்ல. புயல் மூடும், எரிபொருள் தட்டுப்பாடு மூடும், படகு பழுதானாலே ஆசிரியர் வரமாட்டார். பெருந்தொற்று செய்ததெல்லாம், தீவுப் பிள்ளை ஆண்டுதோறும் அனுபவிக்கும் ஒன்றை நாடு முழுவதற்கும் ஒருமுறை காட்டியதுதான். நாடு அதை மறந்துவிட்டது. தீவகம் மறக்கமுடியாது.

பள்ளிக்கூட மணி மறுபடியும் ஓயும் நாள் வரத்தான் போகிறது. அன்றைக்கு வாசிகசாலையின் திறப்பு ஊரிலே யாருடைய கையில் இருக்கும் என்பதை, மணி அடித்துக்கொண்டிருக்கும் இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.